காத்திருப்புக்கும் கூலி வேண்டும்!

கைப்பேசிச் செயலி நிறுவனங்களின் வழியாகச் சொந்த வாகனத்தை வாடகைக்கு ஓட்டுபவருக்கு, பயணக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் சென்றுசேர வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன. வாகனம் நிறுவனத்துக்குச் சொந்தமானது என்றால் ஓட்டுநரின் பங்கு 60 சதவீதம். ஓட்டுநருக்கு ரூ.5 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீடும் ரூ.10 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும் எடுத்தாக வேண்டும் என்பதும் அந்த நெறிமுறைகளில் அடங்கும். இவை வரவேற்கத்தக்கவை என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

நூற்றுக்கு எண்பது என்றதும், ஓட்டுநரின் குறை தீர்ந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால், எதில் எண்பது என்று கேட்டுப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். பயணி ஏறி இறங்கும் வரையிலான கட்டணத்தில்தான் இந்த எண்பது. பயணி ஏறுவதற்கு முன்னர் சாலையோரத்தில் காத்திருந்த நேரத்துக்கும், இறக்கிவிட்ட பின்னர் ஆளில்லாமல் திரும்பி ஓடிய தூரத்துக்கும் கணக்கு எங்கே? செயலிவழி ஓட்டுநர்களின் குறைந்தபட்ச வருவாய் குறித்து உலகெங்கும் நடைபெறும் வழக்குகளும் வேலைநிறுத்தங்களும் சட்டப் போராட்டங்களும் சுற்றிச்சுற்றி வந்து நிற்பது இந்த ஒரு கேள்வியில்தான்.

இந்தக் கேள்விக்கு விடை தேட நியூயார்க்குக்கோ லண்டனுக்கோ போவதற்கு முன்னால், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் பீர்மேடு வட்டத்தைச் சேர்ந்த வண்டிப்பெரியாருக்குப் போய் வருவது நல்லது. கோட்டயத்திலிருந்து குமுளி செல்லும் நெடுஞ்சாலையில், பெரியாற்றங்கரையில் அமைந்த சிறு தோட்ட நகரம் அது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். லயங்களில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன்பு தமிழகத்திலிருந்து மலையேறிய தமிழர்கள். சபரிமலைப் பருவத்தில் சத்திரம், புல்மேடு வழியாகக் காட்டுப்பாதையில் செல்லும் பக்தர்களால் ஊர் நிரம்பி வழியும். மற்ற நாள்களில் தோட்டத் தொழிலாளரையும் பள்ளிப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் ஏற்றிச் செல்லும் ஆட்டோக்களும் ஜீப்புகளும்தான் அந்த ஊரின் போக்குவரத்து.

செயலிவழிக் கார்களின் கோட்டை பெருநகரங்கள்தான், வண்டிப்பெரியார் அல்ல. ஆனாலும், அந்த ஊரில் நடைமுறையில் உள்ள இரண்டு ஏற்பாடுகள், செயலி நிறுவனங்களைக் கட்டுப்படுத்த விதி எழுத முனையும் எந்த அரசுக்கும் பாடமாக அமையக்கூடியவை. ஒன்று தேயிலைத் தோட்டத்து நாள் கூலி. மற்றொன்று ஆட்டோவின் திரும்பும் கூலி.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். கொழுந்து பறிக்கும் தொழிலாளிக்குக் கிலோ கணக்கு உண்டு. இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் ஒரு நாளைக்கு 21 கிலோ என்பது நெடுங்காலம் அளவாக இருந்து வந்தது. அதற்கு மேல் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று மிகைக் கூலி. ஆனால், மிகைக் கூலிக்கு முன்னால் நாள் கூலி என்று ஒன்று இருக்கிறது. அது அரசு, தொழிற்சங்கங்கள், தோட்ட உரிமையாளர்கள் ஆகிய முத்தரப்பும் கூடும் தோட்டத் தொழிலாளர் குழுவில் பேசி முடிவு செய்யப்படுவது. கூலி போதுமானதா என்பது வேறு விவாதம். தரை போட்ட பிறகுதான் சுவர் எழுப்ப வேண்டும் என்ற முறை அங்கே இருக்கிறது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இரண்டாவது ஏற்பாடு இன்னும் நுட்பமானது. கேரள அரசு 2022-ஆம் ஆண்டு மே 1 முதல் நடைமுறைப்படுத்திய கட்டண விகிதத்தின்படி, ஆட்டோவுக்கு முதல் ஒன்றரை கிலோ மீட்டருக்கு ரூ.30, அதற்கு மேல் கிலோ மீட்டருக்கு ரூ.15. 1,500 சி.சி.க்கு உள்பட்ட வாடகைக் காருக்கு முதல் 5 கிலோ மீட்டருக்கு ரூ.200, அதற்கு மேல் கிலோ மீட்டருக்கு ரூ.18. இதோடு நின்றுவிடவில்லை. பெருநகரங்கள் நீங்கலான பகுதிகளில், ஒருவழிப் பயணமாக ஆட்டோவில் செல்பவர், குறைந்தபட்சக் கட்டணத்துக்கு மேற்பட்ட தொகையில் பாதியைக் கூடுதலாகத் தர வேண்டும். எஸ்டேட் சாலையில் ஒருவரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டால், திரும்பி வரும்போது ஏற ஆள் இருக்காது என்பது அரசுக்குத் தெரிந்திருக்கிறது. ஆளில்லாமல் ஓடும் தூரத்துக்கும் எரிபொருள் செலவாகும் என்பதை ஒரு மாநில அரசின் கட்டண விதி ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நாள் கூலியும் இல்லை, திரும்பும் கூலியும் இல்லை என்பதுதான் பெருநகரத்துச் செயலிவழி ஓட்டுநரின் நிலைமை. தேயிலைத் தோட்டத்தை விட்டு வெளியேறும் இளைஞர்கள் கொச்சி, கோவை, சென்னை, பெங்களூரு என்று பிழைப்புத் தேடிச் செல்கிறார்கள். கடன் வாங்கி ஒரு காரைப் பிடித்துச் செயலியில் இணைவது அவர்களுக்கு எளிதில் திறக்கும் கதவுகளில் ஒன்று. காலையில் கைப்பேசியை இயக்கியது முதல் இரவில் அணைக்கும் வரை அவர்கள் வேலையில்தான் இருக்கிறார்கள். ஆனால், கூலி என்பது பயணி உட்கார்ந்திருக்கும் நிமிடங்களுக்கு மட்டுமே. தோட்டத்து மொழியில் சொல்வதானால், மிகைக் கூலி மட்டும் உண்டு, நாள் கூலி கிடையாது. தாய் தோட்டத்தில் போராடிப் பெற்ற தரையை மகன் நகரத்தில் இழந்து நிற்கிறான்.

இவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர், எங்கள் பங்காளிகள் என்பது செயலி நிறுவனங்களின் வாதம். விரும்பும்போது வரலாம், விரும்பும்போது போகலாம், எந்தப் பயணத்தை ஏற்பது என்பதும் அவர்கள் விருப்பம் என்று அவை கூறுகின்றன. இந்தப் பங்காளி என்ற சொல்லும் இடுக்கி மாவட்டத்துக்குப் புதிதல்ல. வண்டிப்பெரியாரைப் போலவே அதே மாவட்டத்தைச் சேர்ந்த மூணாறில், டாடா தேயிலை நிறுவனம் நேரடித் தோட்டத் தொழிலிலிருந்து விலகிய பிறகு, 2005-ஆம் ஆண்டு கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் உருவானது. அதன் பெரும்பான்மைப் பங்குகள் ஊழியர்களுக்கு வழங்கப்பட்டன. கொழுந்து பறிக்கும் பெண்களும் நிறுவனத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள்.

பத்தாண்டுகள் கழித்து, 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில், அந்தப் பங்குதாரர்கள்தான் மூணாறு சாலையில் அமர்ந்தார்கள். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, 'பெண்கள் ஒற்றுமை' என்ற பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. போனஸ் கோரிக்கை வென்றது. அடுத்து, ரூ.232-ஆக இருந்த நாள் கூலியை ரூ.500-ஆக உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்து பிற தோட்டப் பகுதிகளுக்கும் பரவியது. தேயிலைத் தொழில் தாங்காது என்றார்கள் தோட்ட உரிமையாளர்கள். முடிவில் அக்டோபரில் தேயிலைத் தொழிலாளருக்கு ரூ.301 என்று உடன்பாடு கண்டது. பங்குப் பத்திரம் கையில் இருப்பதால் மட்டும் அடுப்பு எரிந்துவிடாது என்பதை அந்தப் பெண்கள் நாட்டுக்கு உணர்த்தினார்கள். அவர்களுக்காவது பங்குப் பத்திரம் இருந்தது. செயலி நிறுவனங்கள் 'பங்காளி' என்று அழைக்கும் ஓட்டுநருக்கு அதுவும் இல்லை.

இனி, மத்திய அரசின் நெறிமுறைகளை எண்களில் பார்க்கலாம். அடிப்படைக் கட்டணத்தை மாநில அரசு அறிவிக்க வேண்டும். தேவை மிகும்போது அதன் இரு மடங்கு வரை செயலி நிறுவனம் வசூலிக்கலாம். தேவை குறையும்போது அதில் பாதி வரை குறைக்கலாம். விவாதம் எல்லாம் இரு மடங்கைப் பற்றியே நடந்தது. ஓட்டுநரின் வயிற்றைத் தொடுவது பாதி என்ற இந்த அனுமதிதான். கேரளத்தின் ரூ.18-ஐ அடிப்படைக் கட்டணமாக வைத்துக் கணக்கிடுவோம். பாதி என்றால் கிலோ மீட்டருக்கு ரூ.9. அதில் 80 சதவீதம் ரூ.7.20. லிட்டருக்கு 15 கிலோ மீட்டர் ஓடும் காருக்கு, பெட்ரோல் விலை ரூ.105 என்று வைத்துக்கொண்டால், எரிபொருளுக்கு மட்டுமே கிலோ மீட்டருக்கு ரூ.7 ஆகிறது. மிஞ்சுவது 20 காசு. டயர், காப்பீடு, பழுது, வங்கித் தவணை, ஓட்டுநரின் உழைப்பு அனைத்தும் அந்த 20 காசுக்குள் அடங்க வேண்டும். ஆளில்லாமல் ஓடிய தூரத்தையும் சேர்த்தால் அந்த 20 காசும் கடனாகிவிடும்.

ஆளில்லாமல் ஓடும் தூரத்தை நெறிமுறைகள் அடியோடு மறந்துவிட்டன என்று சொல்வதற்கில்லை. பயணியை ஏற்றச் செல்லும் தூரத்தை ஈடுகட்டும் வகையில் குறைந்தது 3 கிலோ மீட்டருக்கான அடிப்படைக் கட்டணம் பெறப்பட வேண்டும் என்று அவை கூறுகின்றன. நல்ல தொடக்கம்தான். ஆனால், விமான நிலையத்துக்கோ நகரின் எல்லைக்கோ சென்று பத்து, இருபது கிலோ மீட்டர் வெறுமனே திரும்பும் வண்டிக்கு அது எவ்வகையிலும் ஈடாகாது. வண்டிப்பெரியார் ஆட்டோவுக்குப் புரிந்த கணக்கு தில்லியில் பாதிதான் புரிந்திருக்கிறது.

தொழிலாளர் சட்டங்களாவது இந்தக் குறையை ஈடுசெய்கின்றனவா என்றால், அதுவும் இல்லை. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025-ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. குறைந்தபட்சக் கூலியைப் பற்றிய 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு, தேசிய அளவில் ஓர் அடிமட்டக் கூலியை நிர்ணயிக்க வழிசெய்கிறது. ஆனால், அது முதலாளி - தொழிலாளி உறவு உள்ளவர்களுக்கே. செயலிவழித் தொழிலாளர், வழக்கமான அந்த உறவுக்கு வெளியே உள்ளவர் என்று 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வரையறுத்துவிட்டது. அவர்களது நலனுக்காக நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை, அவர்களுக்கு வழங்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மிகாமல், நிதி தர வேண்டும் என்கிறது அச்சட்டம். ராஜஸ்தான் 2023-லும் கர்நாடகம் 2025-லும் இயற்றிய சட்டங்களும் நலவாரியம், நலநிதி என்ற பாதையிலேயே செல்கின்றன. தமிழகமும் 2023-இல் நலவாரியம் அமைக்க முடிவு செய்தது.

இவை தேவையில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால், காப்பீடு என்பது விபத்து நேர்ந்த பிறகு வருவது. நலநிதி என்பது என்றோ ஒருநாள் கைக்கு வருவது. கூலி என்பது அன்றாடம் உலை வைக்க. 2020-21-ஆம் ஆண்டில் இத்தகைய தொழிலாளர் 77 லட்சம் பேர் என்றும், 2029-30-இல் அவர்கள் 2.35 கோடியாகப் பெருகுவார்கள் என்றும் நீதி ஆயோக் 2022-இல் மதிப்பிட்டது. இத்தனை பெரிய தொழிலாளர் படைக்கு நலவாரியம் உண்டு, குறைந்தபட்சக் கூலி மட்டும் கிடையாது என்பது விந்தையிலும் விந்தை.

குறைந்தபட்ச வருவாய் என்ற பேச்சை எடுத்தால் நிறுவனங்கள் எப்படி எதிர்கொள்ளும் என்பதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், இவர்களை ஊழியர்களாகக் கருத வழிசெய்யும் சட்டத்தை 2019-இல் இயற்றியது. ஊபர், லிஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அதிலிருந்து விலக்குப் பெற்றன. ஈடாக, குறைந்தபட்சக் கூலியில் 120 சதவீதம் தருவதாக வாக்களித்தன. கேட்பதற்கு இனிமையான வாக்குறுதி. ஆனால், பயணத்தை ஏற்றதிலிருந்து முடிக்கும் வரையிலான நேரத்துக்கு மட்டுமே அது பொருந்தும். காத்திருந்த நேரம் கணக்கில் இல்லை.

பிரிட்டனில் உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. உரிமம் பெற்ற பகுதியில், செயலியை இயக்கி, பயணத்தை ஏற்கத் தயாராக இருக்கும் நேரம் முழுவதும் ஊபர் ஓட்டுநர் வேலையில் இருப்பதாகவே பொருள் என்றது அந்தத் தீர்ப்பு. அடுத்த மாதமே 70,000-க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி தருவதாக ஊபர் அறிவித்தது. ஆனால், அதையும் பயணத்தை ஏற்ற கணத்திலிருந்துதான் கணக்கிட்டது. நீதிமன்றம் சொன்ன பிறகும் காத்திருப்பு மட்டும் விடுபட்டுப் போனது. நிறுவனங்களின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

காத்திருப்பையும் கணக்கில் சேர்த்த நகரம் நியூயார்க். செலவு போக மணிக்கு 17.22 டாலர் ஓட்டுநருக்குக் கிடைக்கும் வகையில், 2019 பிப்ரவரி முதல் அங்கே விதி நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநரின் மொத்த வேலை நேரத்தில் எவ்வளவு நேரம் பயணி வண்டியில் இருக்கிறார் என்ற விகிதத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ப ஒவ்வொரு பயணத்தின் கட்டணமும் உயர்த்தப்பட்டது. லிஃப்ட் நிறுவனம் நீதிமன்றம் சென்றது, விதி நிலைத்தது. பிறகு ஊபரும் லிஃப்டும் வேறொரு வழியைக் கண்டுபிடித்தன. பயணிகள் குறைவான நேரங்களில் ஓட்டுநர்கள் செயலிக்குள் நுழைய முடியாதபடி பூட்டத் தொடங்கின. அதைக் கட்டுப்படுத்த நகர நிர்வாகம் மீண்டும் விதிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. விதி தவறு என்பது இதன் பொருளன்று. ஓட்டையை முன்கூட்டியே அடைத்து விதி எழுத வேண்டும் என்பதே பாடம்.

நாங்கள் வெளியேறிவிடுவோம் என்பது நிறுவனங்களின் கடைசி ஆயுதம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரமன்றம், மேயரின் மறுப்பாணையையும் மீறி 2024 மார்ச்சில் குறைந்தபட்சக் கட்டண விதியை நிறைவேற்றியபோது, ஊபரும் லிஃப்டும் நகரத்தை விட்டே போய்விடுவதாக அறிவித்தன. மே மாதம் மின்னசோட்டா மாநில அரசு தலையிட்டு, மைலுக்கு 1.28 டாலர், நிமிடத்துக்கு 31 சென்ட் என்று மாநிலம் முழுவதுக்கும் சற்றுக் குறைந்த ஒரு விகிதத்தைச் சட்டமாக்கியது. அது 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நிறுவனங்கள் எங்கும் போகவில்லை.

வெளியேறிவிடுவோம் என்ற மிரட்டலை எள்ளி நகையாடவும் முடியாது. நிறுவனம் வெளியேறினால் என்ன ஆகும் என்பதைப் பட்டறிந்த ஊர் வண்டிப்பெரியார். 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்தபோது, பீர்மேடு வட்டாரத்தில் பல தோட்டங்களை உரிமையாளர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். கூலி பாக்கி, பணிக்கொடை பாக்கி என்று தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். லயங்கள் இடிந்தன. ஆனால், ஒன்றை மறந்துவிடக்கூடாது. அன்று தோட்டங்கள் மூடப்பட்டபோது கூலி ஒன்றும் உச்சத்தில் இல்லை. குறைந்த கூலி அந்தத் தோட்டங்களைக் காப்பாற்றவும் இல்லை.

மற்றொரு வேறுபாடும் இருக்கிறது. தேயிலை உலகச் சந்தையில் விலை போகும் பண்டம். கென்யத் தேயிலையோடும் இலங்கைத் தேயிலையோடும் அது போட்டியிட்டாக வேண்டும். எழும்பூரிலிருந்து மீனம்பாக்கத்துக்குச் செல்லும் பயணத்தைக் கென்யாவிலிருந்து இறக்குமதி செய்ய முடியாது. பயணி இங்கேதான் இருக்கிறார். சாலையும் ஓட்டுநரும் இங்கேதான். ஒரு செயலி போனால் மற்றொன்று வரும். ஆகவே, தோட்டம் மூடப்படும் என்ற அச்சத்தில் இருந்த நியாயம், செயலி மூடப்படும் என்ற அச்சத்தில் இல்லை.

இந்தியாவில் நிறுவனங்கள் வெளியேறவில்லை, நீதிமன்றம் சென்றன. 2022-இல் கர்நாடக அரசு, செயலிவழி ஆட்டோக்களில் அதிகக் கட்டணம் வசூலிக்கப்படுவதாகக் கூறி நடவடிக்கை எடுத்து, சேவைக் கட்டணத்தை 5 சதவீதமாகக் கட்டுப்படுத்தியது. நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 2024 மே மாதம் கர்நாடக உயர்நீதிமன்றம் அரசின் ஆணையை உறுதி செய்தது. மகாராஷ்டிர அரசு மும்பைப் பகுதியில் செயலிக் கார்களுக்குக் கிலோ மீட்டருக்கு ரூ.22.72 என்று 2025 செப்டம்பரில் கட்டணம் நிர்ணயித்தது. அந்தக் கட்டணம் செயலியில் தோன்றவில்லை என்று ஓட்டுநர் சங்கங்கள் மீண்டும் போராட வேண்டியிருந்தது. காகிதத்தில் உள்ள கட்டணத்துக்கும் கைப்பேசித் திரையில் உள்ள கட்டணத்துக்கும் இடையிலான தூரத்தை அளக்க அரசிடம் கருவி இல்லை என்பதுதான் உண்மை.

இதற்கிடையே, நிறுவனங்கள் புதிய பாதைக்கு மாறத் தொடங்கியுள்ளன. தரகே வேண்டாம், நாளொன்றுக்கு இவ்வளவு என்று சந்தா மட்டும் செலுத்தினால் போதும் என்ற முறையை 2025-இல் ஊபர் ஆட்டோக்களுக்கும், ஓலா தனது வாகனங்களுக்கும் அறிவித்தன. கட்டணம் முழுவதும் ஓட்டுநருக்கே என்பது கவர்ச்சியான ஏற்பாடு. நூற்றுக்கு எண்பது என்ன, நூறுமே அவருக்குத்தான். ஆனால், பயணி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சந்தா செலுத்தியாக வேண்டும். காத்திருப்புக்குக் கூலி இல்லை என்ற நிலைமை போய், காத்திருப்பதற்கே கட்டணம் என்றாகிவிட்டது. பங்கு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்க்கும் விதி, தரை எங்கே என்று பார்க்காவிட்டால் இப்படித்தான் தோற்றுப்போகும்.

நிறுவனங்களின் தரப்பிலும் சில நியாயங்கள் உண்டு. பேரம் பேசி வெறுத்துப்போன பயணிக்கு, ஏறுவதற்கு முன்பே கட்டணம் இன்னதென்று சொன்னது செயலிதான். இரவில் தனியே செல்லும் பெண்ணுக்குப் பயணத்தின் தடம் பதிவாகிறது என்ற துணிவைத் தந்ததும் அதுதான். கட்டணம் உயர்ந்தால் பயணிகள் குறைவார்கள், அதனால் ஓட்டுநரே பாதிக்கப்படுவார் என்ற வாதத்தையும் முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், பயணியின் மலிவான பயணத்துக்கான விலையை ஓட்டுநரின் வீட்டு அடுப்பு மட்டுமே ஏன் தர வேண்டும் என்பதற்கு நிறுவனங்களிடம் பதில் இல்லை. பகுதி நேரமாகச் சில மணி நேரம் ஓட்டுபவருக்கும் சேர்த்துத்தான் குறைந்தபட்ச விதி. விரும்பும்போது வரும் உரிமைக்கும் வந்த நேரத்துக்குக் கூலி பெறும் உரிமைக்கும் முரண்பாடு ஏதும் இல்லை.

குறைந்தபட்சக் கூலி தரக் கட்டுப்படியாகாது என்ற வாதத்தை நமது உச்சநீதிமன்றம் எப்போதோ கேட்டு முடித்துவிட்டது. கேரளத்தின் ஓட்டுத் தொழிற்சாலை உரிமையாளர்கள் தொடுத்த வழக்கில், குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும்போது முதலாளியின் கொடுக்கும் திறனைப் பார்க்க வேண்டியதில்லை என்று 1961-ஆம் ஆண்டே அது தீர்ப்பளித்தது. தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான 1982-ஆம் ஆண்டு வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்றது. வறுமையின் நெருக்கடியில் ஒருவர் ஒப்புக்கொள்வதை விருப்பம் என்று கொள்ள முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். விரும்பித்தானே வருகிறார்கள் என்று சொல்பவர்கள் அதைப் படித்துப் பார்ப்பது நல்லது.

கட்டணம் நிர்ணயித்தால் மட்டும் போதாது என்பதற்குத் தமிழகமே சான்று. சென்னையில் ஆட்டோவுக்கு முதல் 1.8 கிலோ மீட்டருக்கு ரூ.25, அதற்கு மேல் கிலோ மீட்டருக்கு ரூ.12 என்று 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்தது. எரிபொருள் விலை எங்கோ போய்விட்ட பிறகும் அந்தக் கட்டணம் பல்லாண்டுகள் அப்படியே கிடந்தது. விளைவு, மீட்டர் ஓடவில்லை. 2025 பிப்ரவரியில் சங்கங்கள் தாங்களாகவே புதிய கட்டணத்தை அறிவித்துக்கொண்டன. உரிய காலத்தில் திருத்தப்படாத கட்டணம் மீறப்படும் கட்டணமாகிவிடும். அந்த இடைவெளியில்தான் செயலி நிறுவனங்கள் புகுந்தன என்பதையும் அரசுகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரசே செயலி நடத்தினால் போதும் என்பதும் சரியான விடையாகாது. கேரள அரசு 2022 ஆகஸ்ட் 17 அன்று 'கேரள சவாரி' என்ற சேவையைத் தொடங்கியது. சேவைக் கட்டணம் 8 சதவீதம் மட்டுமே. நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால், பெரும் முதலீட்டோடு தள்ளுபடி தரும் தனியார் செயலிகளுக்கு முன்னால் அது தடுமாறியது. 2025-இல் அதைப் புதிய வடிவில் மீண்டும் களமிறக்க வேண்டியிருந்தது. கூட்டுறவு முறையிலான வாடகைக் கார் சேவையை மத்திய அரசும் 2025-இல் முன்வைத்துள்ளது. மற்ற நிறுவனங்கள் அடிமாட்டு விலைக்குப் பயணம் விற்கும் சந்தையில், நியாயமான கூலி தரும் கூட்டுறவு எப்படி நிலைக்கும்? எல்லோருக்கும் பொதுவான தரை இருந்தால்தான் நல்ல சேவை நிலைக்கும்.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. முதலாவதாக, அடிப்படைக் கட்டணத்தில் பாதி வரை குறைக்கலாம் என்ற அனுமதியை மத்திய அரசு நீக்க வேண்டும். தள்ளுபடி தர நிறுவனம் விரும்பினால் தனது பணத்தில் தரட்டும்; ஓட்டுநரின் பங்கு அடிப்படைக் கட்டணத்தின் மீதே கணக்கிடப்பட வேண்டும். இரண்டாவதாக, காத்திருக்கும் நேரமும் ஆளில்லாமல் ஓடும் தூரமும் அடிப்படைக் கட்டணத்துக்குள் கணக்கிடப்பட வேண்டும். வண்டிப்பெரியார் ஆட்டோவுக்கு உள்ள திரும்பும் கூலியே அதற்கு முன்மாதிரி. மூன்றாவதாக, எரிபொருள் விலையோடும் விலைவாசிக் குறியீட்டோடும் இணைத்து ஆண்டுதோறும் கட்டணம் தானாகவே திருத்தப்பட வேண்டும். தேர்தல் ஆண்டு வரும்வரை அது காத்திருக்கக் கூடாது.

நான்காவதாக, ஒவ்வொரு ஓட்டுநரும் எத்தனை மணி நேரம் செயலியில் இருந்தார், எத்தனை கிலோ மீட்டர் ஓடினார், எவ்வளவு பெற்றார் என்ற கணக்கை நிறுவனங்கள் போக்குவரத்துத் துறையிடம் மாதந்தோறும் அளிக்க வேண்டும். அந்தக் கணக்கு நிறுவனங்களின் கணினிகளில் நொடிக்கு நொடி பதிவாகிக்கொண்டிருப்பதுதான். சந்தா முறையில் இயங்கும் நிறுவனங்களுக்கும் இது பொருந்த வேண்டும். ஐந்தாவதாக, தோட்டத் தொழிலாளர் குழுவைப் போல, அரசு, நிறுவனம், ஓட்டுநர் ஆகிய முத்தரப்பும் அமரும் ஒரு குழு மாநிலந்தோறும் வேண்டும். கங்காணியிடமாவது முகம் பார்த்து முறையிட முடிந்தது. முகமே இல்லாத கணினி நிரலோடு தனியொரு ஓட்டுநர் எப்படிப் பேரம் பேசுவார்?

நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2025-இல் கேட்டுக்கொண்டது. அடிப்படைக் கட்டணத்தை அறிவிக்கும் அதிகாரம் மாநிலங்களிடமே இருக்கிறது. தமிழகமும் கேரளமும் மனம் வைத்தால், தில்லி திருத்தும் வரை காத்திராமலேயே நியாயமான தரையை அமைத்துவிட முடியும். தொழிலாளர் உரிமையில் முன்னோடி என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் இரு மாநிலங்களுக்கும் இது ஒரு சோதனை.

லயத்தில் வாழும் தாய்க்கு நாள் கூலி என்ற ஒன்று இருந்ததால்தான் மகன் பள்ளிக்கூடம் போனான், ஓட்டுநர் உரிமம் பெற்றான், நகரத்துக்கு வந்தான். அந்த மகனிடம் இன்றைக்கு எவ்வளவு கூலி என்று கேட்டால் இரவு வரை அவனுக்கே தெரியாது. வண்டிப்பெரியார் ஆட்டோ நிறுத்தத்தில் ஆளில்லாமல் திரும்பும் வண்டிக்கு மதிப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்ட அரசுகள், பெருநகரச் சாலையோரத்தில் கைப்பேசியைப் பார்த்தபடி காத்திருக்கும் மனிதனின் நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்பதை ஏற்றுக்கொள்ள இன்னும் எத்தனை காலம் காத்திருக்கப் போகின்றன?